180 டிகிரிக் காற்றில் பால் ஏன் கருகுவதில்லை? 'குறைந்த வெப்ப' உணவுப் பவுடர்களின் கணக்கு

வாணலியில் எண்ணெய் 180 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பஜ்ஜி போட்டுவிடலாம். பால் பவுடர் ஆலையின் கோபுரத்துக்குள் அனுப்பப்படும் காற்றும் ஏறத்தாழ அதே சூட்டில்தான் இருக்கிறது. இதைக் கேள்விப்படுகிறவருக்கு எழும் சந்தேகம் நியாயமானது: அந்தச் சூட்டைக் கடந்து வந்த பாலில் என்ன மிச்சம் இருக்கும்?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது போலத்தான் எலுமிச்சை, நெல்லிக்காய், தேன், தயிர் போன்றவற்றின் பவுடர்களில் 'குறைந்த வெப்பத்தில் உலர்த்தியது', 'குளிர் முறையில் தெளித்து உலர்த்தியது' என்ற வாசகங்கள் வருகின்றன. சத்தெல்லாம் அப்படியே இருக்கிறது என்பது அதன் உட்பொருள். வாசகம் பொய்யில்லை. ஆனால் எந்த வெப்பம் குறைந்தது, குறைத்ததற்கு ஈடாக எது கூடியது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள, முதலில் கோபுரத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கோபுரத்துக்குள் நடப்பது

திரவத்தைப் பனிப்புகை போலத் தெளித்து, சூடான காற்றில் காயவைத்துத் தூளாக்குவதுதான் தெளிப்பு உலர்த்தல். தொழிலில் 'ஸ்பிரே டிரையிங்' என்பார்கள். அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி இதற்கு 1872இல் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் தொழில் இதை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் படைகளுக்குப் பால் பவுடரும் முட்டைப் பவுடரும் தேவைப்பட்டபோது பெருந்தொழிலாயிற்று. பால் பவுடர், குழந்தைகளுக்கான பால்மாவு, இன்ஸ்டன்ட் காபியின் ஒரு பெரும் பகுதி, தேங்காய்ப் பால் பவுடர், சிப்ஸ் மேல் தூவும் சுவையூட்டிகள் எல்லாம் இப்போது இந்த வழியில்தான் வருகின்றன.

வேலை நான்கு கட்டங்களில் நடக்கிறது.

1. சுண்டவைத்தல். பாலை நேரடியாகக் கோபுரத்துக்கு அனுப்புவதில்லை. காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலன்களில் 45 முதல் 70 டிகிரிக்குள் சுண்டவைத்து, திடப்பொருளை 45–50 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். இங்கே தண்ணீரை நீக்கும் செலவு கோபுரத்தில் ஆவதைவிடப் பல மடங்கு குறைவு.

2. தெளித்தல். நுண்துளை வழியாக அழுத்தியோ, வேகமாகச் சுழலும் தட்டின் விளிம்பிலிருந்து சிதறவைத்தோ துளிகளாக்குகிறார்கள். துளியின் விட்டம் பொதுவாக 10 முதல் 200 மைக்ரான்; 100 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

3. உலர்தல். சூடான காற்றும் துளியும் சந்திக்கின்றன. துளி கீழே வந்து சேர்வதற்குள் தூளாகிவிடுகிறது. சிறிய கருவிகளில் இதற்குச் சில நொடிகள், பெரிய கோபுரங்களில் அரை நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாகும்.

4. பிரித்தல். தூளும் ஈரக்காற்றும் சேர்ந்து வெளியே வரும். சைக்ளோன் எனப்படும் கூம்புக் கலனில் சுழலவிட்டோ துணிப்பை வடிகட்டியில் பிடித்தோ தூளைத் தனியாக எடுப்பார்கள்.

இதில் வித்தை இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் திரவத்தை 100 மைக்ரான் துளிகளாக உடைத்தால் ஏறத்தாழ 190 கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்புகளைக் கூட்டினால் 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 645 சதுர அடி. ஒரு சிறிய வீட்டின் தரை முழுவதையும் ஒரே ஒரு லிட்டர் பாலால் மெழுகிவிட்டு, அதன் மேல் அனல் காற்றை வீசவிட்டால் எத்தனை நேரத்தில் காயும்? நொடிகளில் தூளாவதன் ரகசியம் அதுதான்.

மண்பானைக் கணக்கு

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கோபுரத்தில் விழும் துளிக்கும் இதே கதைதான். ஒரு கிலோ தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 315 கிலோஜூல் போதும். கொதிநிலையில் இருக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்கு. துளியின் மேல் ஈரம் இருக்கும்வரை, காற்று கொண்டுவரும் வெப்பம் முழுவதையும் ஆவியாதல் தின்றுவிடுகிறது. துளி சூடேற வழியில்லை.

அப்படியானால் துளியின் சூடு எவ்வளவு? ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அந்தக் காற்றில் எவ்வளவு காட்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், ஒரு கிலோ காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். இந்தக் காற்றை 180 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரத்துளியின் வெப்பநிலை 48 டிகிரியை ஒட்டி நிற்கும். அதே காற்றை 80 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினால் 36 டிகிரி. காற்றின் சூட்டில் 100 டிகிரி வித்தியாசம். துளியின் சூட்டில் 12 டிகிரிதான் வித்தியாசம்.

(இது தூய நீர்த்துளிக்கான கணக்கு. சர்க்கரையும் உப்பும் கரைந்திருந்தால் சற்றுக் கூடும், பெரிதாக மாறாது.)

ஆகவே '180 டிகிரியில் உலர்த்தியது' என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல. '80 டிகிரியில் உலர்த்தியது' என்பது அந்த அளவுக்குப் பெருமைப்பட வேண்டிய எண்ணும் அல்ல.

சேதம் எங்கே நேர்கிறது

பயணத்தின் இரண்டாம் பாதியில். துளியின் மேற்பரப்பு காய்ந்து ஓடு பிடித்த பிறகு, உள்ளிருக்கும் நீர் அந்த ஓட்டைக் கடந்து மெதுவாகத்தான் வெளியேற முடியும். ஆவியாதல் மந்தமாகிறது, குளிர்விக்க ஆளில்லை, துகள் சூடேறத் தொடங்குகிறது. ஆனால் அதற்குள் காற்று தன் வெப்பத்தைத் துளிகளிடம் இழந்து 80–90 டிகிரிக்கு இறங்கியிருக்கும். துகள் அந்த வெளியேற்ற வெப்பநிலையை நெருங்குமே தவிர, நுழைவு வெப்பநிலையை அல்ல.

எனவே ஒரு பவுடரின் சத்தை நிர்ணயிக்கும் எண் வெளியேற்ற வெப்பநிலைதான். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் நுழைவு வெப்பநிலை, ஏனென்றால் அதில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. வழக்கமான முறையில் 80 டிகிரியில் வெளியேறும் தூள், குறைந்த வெப்ப முறையில் 50 டிகிரியில் வெளியேறினால் அந்த 30 டிகிரிதான் உண்மையான ஆதாயம். தயிரில் உள்ள லாக்டோபாசில்லஸ் போன்ற உயிருள்ள பாக்டீரியாக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வெளியேற்ற வெப்பம் கூடக் கூடப் பிழைப்பவை வேகமாகக் குறைகின்றன. நொதிகளுக்கும் வைட்டமின் சிக்கும் நன்மை உண்டு. சாதாரணப் பால் பவுடருக்கு? சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

கருகல் என்று உண்மையாகவே ஒன்று நடப்பதுண்டு. சூடான காற்று நுழையும் வாயருகே சுவரில் ஒட்டிக்கொண்ட தூள் மணிக்கணக்கில் அங்கேயே இருந்து பழுப்பேறிக் கருகும். அது உதிர்ந்து பவுடரில் கலந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பால் பவுடர் தரச் சோதனையில் இந்தப் புள்ளிகளை வடிகட்டி எடுத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது.

பாகு பதமும் பழச்சாறும்

குறைந்த வெப்பத்தைத் தேடவைத்த இன்னொரு காரணம், சத்தைவிட முக்கியமான காரணம் என்றுகூடச் சொல்லலாம், ஒட்டுதல். பாலை உலர்த்தும் கருவியில் மாம்பழச் சாற்றை ஊற்றினால் தூள் வராது. கோபுரச் சுவர் முழுவதும் பாகு வழியும்.

கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளலாம். சூடாக இருக்கும்போது பாகு இழுபடுகிறது. ஆறியதும் கண்ணாடி போல 'டக்'கென்று உடைகிறது. இழுபடும் நிலையிலிருந்து உடையும் நிலைக்கு மாறும் வெப்பநிலையைக் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். அதற்கு மேல் 10–20 டிகிரி போனாலே மேற்பரப்பு பிசுபிசுக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் மூடாத டப்பாவிலிருக்கும் கடலை மிட்டாய் கையில் ஒட்டுவதும் இதனால்தான்: ஈரம் சேரச் சேர அந்த மாற்ற வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அறை வெப்பத்துக்கும் கீழே போய்விடுகிறது.

முற்றிலும் உலர்ந்த நிலையில், பாலில் உள்ள லாக்டோஸுக்கு இந்த வெப்பநிலை சுமார் 101 டிகிரி. கரும்புச் சர்க்கரைக்கு 62. குளுக்கோஸுக்கு 31. தேனிலும் பழங்களிலும் நிறைந்திருக்கும் ஃபிரக்டோஸுக்கு வெறும் 5. பால் தொழில் நூறாண்டுக்கு மேலாகச் சிரமமின்றி ஓடுவதற்கும், தேன் பவுடர் இன்றும் வித்தையாக இருப்பதற்கும் இந்த எண்களே காரணம். 80 டிகிரியில் வெளியேறும் தேன்துகள், தன் கண்ணாடி நிலையைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கிறது. அது தூளாக முடியாது.

தொழில் கண்டுபிடித்த வழி எளிமையானது. மாற்ற வெப்பநிலை உயர்ந்த ஒரு பொருளைக் கலந்துவிடு. மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு அந்த வெப்பநிலை 160 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கருவேல இனத்து மரங்களிலிருந்து கிடைக்கும் அரபிக் கோந்தும் பயன்படுகிறது. இவற்றைத் தாங்கிப் பொருள் என்கிறார்கள். பிரச்சினை அளவில்தான். பழச்சாற்றுப் பவுடரின் திடப்பொருளில் பாதியும் அதற்கு மேலும் தாங்கியாக இருப்பது அபூர்வமல்ல. பழத்தை வாங்குவதாக நினைத்து நாம் பாதிக்குப் பாதி மாவுச்சத்தை வாங்குகிறோம்.

இங்கேதான் குறைந்த வெப்பத்தின் பயன் தெளிவாகத் தெரிகிறது. வெளியேற்ற வெப்பம் 50 டிகிரியானால் ஒட்டும் அபாயம் குறையும், தாங்கியையும் குறைக்கலாம். போலந்தில் வார்சா வாழ்வியல் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈரம் நீக்கிய 75 டிகிரிக் காற்றில் தேனை உலர்த்தி, தேனின் பங்கு கூடிய பவுடரைப் பெற முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2005இல், கிரேக்கத்தின் தெசலோனிக்கி அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தில் தக்காளிக் கூழை ஈரம் நீக்கிய காற்றில் உலர்த்திய ஆய்வு வெளியானது. சுவரில் ஒட்டி வீணாவது குறைந்தது.

இரண்டு ஆய்வுகளிலும் 'ஈரம் நீக்கிய காற்று' என்ற சொற்றொடர் வருகிறது. முழுக் கணக்கும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னைக் காற்றில் ஒரு கணக்கு

ஒரு கிலோ காற்று ஒரு டிகிரி குளிரும்போது தோராயமாக ஒரு கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 2,500 கிலோஜூல் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம்.

1. வழக்கமான முறை. காற்று 180 டிகிரியில் நுழைந்து 80இல் வெளியேறுகிறது. ஒரு கிலோ காற்று 100 கிலோஜூல் கொடுத்து 40 கிராம் நீரை ஆவியாக்குகிறது. ஒரு கிலோ நீருக்கு 25 கிலோ காற்று வேண்டும். ஏற்கெனவே இருந்த 20 கிராமோடு சேர்த்து, வெளியேறும் காற்றில் 60 கிராம் நீராவி. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் 80 டிகிரிக் காற்றால் நிறைய நீராவியைத் தாங்க முடியும் என்பதால் அதன் ஒப்பு ஈரப்பதம், அதாவது தாங்கக்கூடியதில் உண்மையில் இருக்கும் பங்கு, 19 சதவீதம்தான். தூள் நன்றாகக் காய்ந்துவிடும்.

2. சூட்டை மட்டும் குறைத்தால். அதே சென்னைக் காற்று 80இல் நுழைந்து 50இல் வெளியேறுகிறது. ஒரு கிலோ காற்றுக்கு 12 கிராம் நீர்தான். ஒரு கிலோ நீருக்கு 83 கிலோ காற்று வேண்டும். மூன்று மடங்குக்கு மேல். வெளியேறும் காற்றில் 32 கிராம் நீராவி. முன்னதில் பாதிதான் என்றாலும், 50 டிகிரியில் காற்றின் தாங்குதிறன் சுருங்கிவிடுவதால் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதமாக ஏறிவிடுகிறது. தூளில் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை இறங்கும், மறுபடி ஒட்டும். எதைத் தவிர்க்கச் சூட்டைக் குறைத்தோமோ அது பின்வாசல் வழியே வந்து நிற்கிறது.

3. சூட்டையும் ஈரத்தையும் குறைத்தால். காற்றை முன்னதாகவே உலர்த்தி, கிலோவுக்கு 5 கிராம் நீராவி மட்டும் வைத்து, 80இல் நுழைத்து 50இல் வெளியேற்றுகிறோம். வெளியேறும்போது 17 கிராம். ஒப்பு ஈரப்பதம் 22 சதவீதம். வழக்கமான முறையின் வறட்சி திரும்பக் கிடைத்துவிட்டது. ஈரத்துளியின் சூடும் 36இலிருந்து 30 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

வெப்பம் செய்துகொண்டிருந்த வேலையை வறட்சி செய்கிறது. ஆனால் வறட்சி இலவசமாகக் கிடைப்பதில்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கச் சிலிக்கா ஜெல் பூசிய பெரிய சக்கரம் சுழலும். காற்று அதன் வழியே போகும்போது ஈரம் ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். ஜெல் நிறைந்ததும் அதைக் காயவைக்க வேண்டும். எப்படி? 120 டிகிரியும் அதற்கு மேலுமான சூடான காற்றைச் செலுத்தி. அதாவது உணவுக்குக் காட்டாத சூட்டை அடுத்த அறையில் ஜெல்லுக்குக் காட்டுகிறார்கள். 'குளிர் முறை' ஆலையின் கொதிகலன் ஓய்வாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

மின்விசிறிச் செலவும் மூன்று மடங்கு காற்றுக்கு ஏற்ப ஏறும். அதைவிடப் பெரிய அடி உற்பத்தியில். கோபுரத்தின் காற்றோட்டம் மாறாதது என்றால், நாற்பது கிராம் நீர் நீங்கிய இடத்தில் பன்னிரண்டு கிராம்தான் நீங்கும். அதே இயந்திரம், அதே ஆட்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பவுடர். விலையில் தெரியும் வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. கடலோர ஊரில் ஆலை வைப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கசக்கும். வறண்ட ஊர்க் காற்றுக்கு ஜெல் சக்கரம் அவ்வளவு உழைக்க வேண்டியதில்லை.

வேறு வழிகள்

உலர்காற்றுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. சுவிட்சர்லாந்தில் உருவான பிர்ஸ் முறையில், 1960களில், 200 அடிக்கு மேல் உயரமான கோபுரங்களில் ஈரம் நீக்கிய, ஏறத்தாழ 30 டிகிரிக் காற்றில் தக்காளி போன்றவற்றைத் தூளாக்கினார்கள். சூடு இல்லாததால் துளி காய நேரம் வேண்டியிருந்தது; அந்த நேரத்தை உயரமாகக் கட்டி வாங்கினார்கள். கட்டடச் செலவை நினைத்தால், முறை பரவாததில் வியப்பில்லை.

இப்போது பேசப்படும் மற்ற வழிகள்:

1. வெற்றிடம். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை வழக்கத்தில் இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் 33 டிகிரியில் கொதிக்கும். கோபுரத்தையே வெற்றிடமாக்கி உலர்த்தலாம். ஆனால் வெற்றிடத்தில் வெப்பத்தைச் சுமந்து செல்லக் காற்று இல்லை. கொதிநிலைக்கு மேலும் சூடேற்றிய நீராவி போன்ற வேறொன்றை உள்ளே விட வேண்டியிருக்கிறது. பெரிய அளவில் செய்வது கடினம்.

2. மின்னேற்றம். தெளிக்கும் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்துத் துளிகளுக்கு மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளூயிட் ஏர் நிறுவனம் 'போலார்டிரை' என்ற பெயரில் இத்தகைய கருவியை விற்கிறது. காற்றுக்குப் பதில் நைட்ரஜன் சுழல்கிறது. மின்னூட்டத்தால் நீர் துளியின் வெளிப்புறத்துக்கும் எண்ணெய் உள்ளுக்கும் நகர்வதால் குறைந்த சூட்டிலேயே உலர்ந்துவிடுகிறது என்பது நிறுவனத்தின் விளக்கம். மீன் எண்ணெய் போல ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும் பொருள்களுக்கு நைட்ரஜன் பெரிய வரம். ஆனால் மின்னூட்டம் ஆவியாதலின் வெப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடாது. ஒரு கிலோ நீருக்கான கிலோஜூல்கள் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

3. துளியைச் சிறிதாக்குதல். துளியின் விட்டம் பாதியானால் உலரும் நேரம் ஏறத்தாழ கால் பங்காகும். ஆனால் 10 மைக்ரானுக்குக் கீழான தூளைச் சைக்ளோனால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. வீட்டில் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். பிறகு அந்தத் துகள்களை மீண்டும் ஒட்டவைத்துக் குருணையாக்க வேறொரு கருவி வேண்டும்.

உறைய வைத்து உலர்த்துவது தனிக் குடும்பம். அங்கே பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிறது. தரம் உயர்வு, செலவு பல மடங்கு.

மணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

குறைந்த வெப்பம் என்றால் மணம் கூடுதலாக நிற்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தைசனும் ருல்கன்ஸும் இதை ஆராய்ந்து வேறொரு படத்தைக் காட்டினார்கள். துளியின் மேற்பரப்பு ஓரளவு காய்ந்துவிட்டால், அந்த ஓட்டின் வழியாக நீர் மூலக்கூறுகள் இன்னும் தப்பிக்க முடிகிறது. அவற்றைவிடப் பெரிய மண மூலக்கூறுகளால் முடிவதில்லை. மணம் உள்ளே சிறைப்படுகிறது. ஆகவே மண இழப்பு பெரும்பாலும் ஓடு பிடிப்பதற்கு முந்தைய கணங்களில்தான்.

அப்படியானால் ஓடு எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது. நுழைவு வெப்பம் கூடினால் ஓடு சீக்கிரம் பிடிக்கும்! சூட்டை வெறுமனே குறைத்து மந்தமாக உலர்த்தினால் மணம் அதிகமாகவே பறந்துவிடலாம். குறைந்த வெப்ப முறை மணத்தைக் காக்க வேண்டுமானால் மிக வறண்ட காற்று, கெட்டியான கரைசல், சிறிய துளி ஆகியவற்றால் ஓட்டை வேகமாக வரவழைக்க வேண்டும். கரைசலைக் கெட்டியாக்கிவிட்டுத் தெளிப்பதுதான் இதில் மலிவான வழி. வெப்பமானியை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டு குழப்பங்கள்

முதலாவது, பால் பவுடரில் வரும் 'லோ ஹீட்', 'ஹை ஹீட்' என்ற வகைப் பெயர்கள். இவை கோபுரத்தின் வெப்பத்தைக் குறிப்பவை அல்ல. உலர்த்துவதற்கு முன் பாலை எவ்வளவு சூடாக்கினார்கள் என்பதைக் குறிக்கின்றன. 70 டிகிரியை ஒட்டிச் சில நொடிகள் மட்டும் சூடாக்கினால் லோ ஹீட். 85 டிகிரியில் 15–30 நிமிடம் வைத்தால் ஹை ஹீட். மோர்ப்புரதம் சூட்டில் எளிதில் சிதையும்; சிதையாமல் தப்பியதை அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அளப்பார்கள். ஒரு கிராம் பவுடரில் சிதையாத மோர்ப்புரத நைட்ரஜன் 6 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகை, 1.5 மில்லிகிராமும் அதற்குக் கீழும் இருந்தால் இரண்டாம் வகை. இரண்டும் 180 டிகிரிக் கோபுரத்திலிருந்தே வந்திருக்கலாம். பாலின் புரதத்துக்கு நேரும் மாற்றம் பெரும்பாலும் கோபுரத்துக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, கிருமி. வழக்கமான தெளிப்பு உலர்த்தலையே கிருமி நீக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துளி 48 டிகிரியில் இருக்கிறது என்பதன் மறுபக்கம் இது. பயனுள்ள பாக்டீரியாவை உயிரோடு விடும் முறை வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லாக் கிருமியைத் தேடிப் பிடித்துக் கொல்லாது. காய்ந்த தூளில் சால்மோனெல்லா பெருகாது என்றாலும் நெடுநாள் உயிரோடு கிடக்கும். குறைந்த வெப்ப முறையில் உலர்த்துகிறவர் அதற்கு முன்பே பாஸ்டர் முறையிலோ வேறு வழியிலோ கிருமியை நீக்கியிருக்க வேண்டும்; அதற்குப் பிறகு எதுவும் கலக்காதபடி காக்கவும் வேண்டும். 'சூடே படாதது' என்று பெருமையடிக்கும் பவுடரைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை

1. பொருள் பட்டியலின் வரிசை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும். எலுமிச்சைப் பவுடரில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால், அது எலுமிச்சை மணமுள்ள மாவுச்சத்து. மால்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸுக்கு நிகரான வேகத்தில் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வரி உலர்த்திய வெப்பநிலையைவிட முக்கியம்.

2. தேங்காய்ப் பால் பவுடர். இலங்கையில் குருநாகலில் இதைத் தயாரிக்கும் பெரிய ஆலை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகளிலும் பல பெயர்களில் கிடைக்கிறது. இங்கே சிக்கல் சர்க்கரையில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உருகிவிடுவதால் வெளியேற்ற வெப்பத்தை 50க்கு இறக்கினாலும் அது எண்ணெயாகவே இருக்கும். அதைச் சுற்றிப் பொதிய ஒரு புரதம் வேண்டும். பெரும்பாலும் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அது பசும்பாலின் புரதம். பால் ஒவ்வாமை உள்ளவர்களும் பால் பொருளைத் தவிர்க்கிறவர்களும் தேங்காய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

3. உயிருள்ள பாக்டீரியா இருப்பதாகச் சொல்லும் தயிர்ப் பவுடர். உலர்த்திய முறையை விட்டுவிட்டு, எத்தனை உயிரணுக்கள் என்ற எண்ணைத் தேடுங்கள். அந்த எண் தயாரித்த நாளுக்கா, காலாவதியாகும் நாளுக்கா என்பதையும் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் 'குளிர் முறை' என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

4. வெப்பநிலை அச்சிடப்பட்டிருந்தால் அது நுழைவா, வெளியேற்றமா? சொல்லாத எண்ணை நுழைவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல், பொட்டலத்தைப் பிரித்த பிறகு வருவது. ஆலையில் 22 சதவீத ஈரப்பதத்தில் பிறந்த தூள், 75 சதவீத ஈரப்பதமுள்ள சமையலறைக்கு வந்து சேர்கிறது. மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கிறது. கடலை மிட்டாய்க்கு நேர்வது இதற்கும் நேர்கிறது. பாதிக்கு மேல் மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்த மலிவுப் பவுடர் இதைப் பல நாள் தாங்கும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய, தாங்கி குறைந்த, பழம் நிறைந்த குறைந்த வெப்பப் பவுடர்தான் முதலில் கட்டியாகும்.